கொல்லைப்புறத்து டின்

இன்பசேகரன் செருப்பைக் கழற்றிக் குழிக்கரையில் விட்டதை யூனிஸ் பார்த்தாள். மனுஷன் என்ன செய்யப்போகிறார் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

பள்ளிக்கூடத்தில் டீச்சர் வேலை முடிந்து வீட்டுக்குப் போகும் வழியில், உரக்குழிப் பக்கம் கூட்டமாக இருக்கிறதே என்றுதான் அவள் ஒதுங்கி நின்றாள். சுற்று வட்டாரத்து விவசாயிகள் கொஞ்சம் பேர், நடுவில் குடை பிடித்துக்கொண்டு பஞ்சாயத்துத் தலைவரான சர்பஞ்சு நாகபூஷணம், எதிரில் காக்கி உடுப்பில் அவள் புருஷன் இன்பசேகரன். கொத்தகுண்டா பஞ்சாயத்துக்கு அவர் சானிட்டரி இன்ஸ்பெக்டர். சித்தூரில் பழைய மிஷன் சபை உபதேசியாரின் மகன். வாயால் சொன்னது போதாது, கையால் செய்து காட்ட வேண்டும் என்பது அப்பாவிடமிருந்து வந்த பழக்கம்.

"சார், நெல்லுக்கு யூரியா கெடைக்கல, அதான் வந்தோம்" என்றார் ஒரு விவசாயி. "ஆனா போன வருஷம் இதே ஊரு குப்பமேட்டு எருவ அடிச்சோம். என் எருது காலு கிழிஞ்சி ஏர் பூட்ட முடியாம பூட்ச்சி. இதுல கண்ணாடி கீதா இல்லியா? அத்த மட்டும் சொல்லு."

"ஒரு துண்டு கெடையாது. இது பிரிச்ச குப்ப. வீட்டுக்கு ரெண்டு டின்னு குடுத்து, வீட்டுலயே பிரிச்சி வாங்கினது."

"மாட்டலெந்துக்கய்யா, திகி சூப்பிஞ்சு" என்று சர்பஞ்சு தெலுங்கில் சீண்டினார். பேச்சு எதற்கு, இறங்கிக் காட்டு என்று. கூட்டம் சிரித்தது.

இன்பசேகரனும் சிரித்தார். கால்சட்டையை முழங்கால்வரை மடித்துவிட்டுக் குழிக்குள் இறங்கினார்.

குழி ஆள் இடுப்பளவு ஆழம். சக்கை, எச்சில் இலை, காய்கறித் தோல், அதன்மேல் சாணித் தண்ணீர், அதன்மேல் மண் என்று அடுக்கடுக்காகப் போட்டு, பஞ்சாயத்துத் துப்புரவுக்காரர்கள் செங்கம்மாளும் முனியப்பனும் நாள் தவறாமல் காலால் மிதித்து அமுக்கிய குழி. மேல் அடுக்கு கறுத்துப் பொதபொதவென்றிருந்தது. அவர் கணுக்கால் புதைய நடந்தார். ஓரத்திலிருந்து நடுவுக்கு, நடுவிலிருந்து அந்த ஓரத்துக்கு. எதிர்க்கரையை ஒட்டி ஒரு நொடி நின்றார். முகத்தில் சிரிப்பு அப்படியே இருந்தது. பிறகு திரும்பி, இன்னும் நிதானமாக, வந்த வழியே நடந்தார்.

"பாத்தீங்களா? மெத்த மாறி கீது" என்றார்.

விவசாயிகள் தலையை ஆட்டினார்கள். வண்டி கொண்டுவருவதாக ஒருவர் சொன்னார், இன்னொருவரும் சொன்னார். எல்லாரும் கலைகிறவரை இன்பசேகரன் குழியை விட்டு ஏறவில்லை. அந்தச் சிரிப்பு கொஞ்சம் அதிக நேரம் நின்றதாக யூனிசுக்குப் பட்டது.

வீட்டுக்கு வந்து அவர் செருப்பை விட்டபோதுதான் யூனிஸ் பார்த்தாள். இடது செருப்பின் குதிகால் பக்கம் சேறும் ரத்தமும் குழைந்திருந்தது.

"என்னாங்க இது?"

"ஒண்ணுமில்ல. லேசா கீறிச்சி."

"எது கீறிச்சி?"

அவர் சட்டைப் பையிலிருந்து எடுத்துக் காட்டினார். பாதியாக ஒடித்த சவர பிளேடு, துருவும் சாணியும் ஏறியது. குனிந்து கால்சட்டை மடிப்பைச் சரிசெய்கிற சாக்கில் அதைக் குதிகாலிலிருந்து பிடுங்கியிருக்கிறார், அத்தனை பேர் முன்னால்.

யூனிஸ் தண்ணீர் காய வைத்தாள். சோப்புப் போட்டுக் கழுவினாள், டெட்டால் ஊற்றினாள். வெட்டு அகலமில்லை, ஆழமானது. விளிம்புகள் வாய் மூடிக்கொண்டாற்போல ஒட்டியிருந்தன. அதைப் பார்க்கப் பார்க்க அவளுக்கு ஒரு பழைய முகம் ஞாபகம் வந்தது. சின்ன வயதில் சித்தூர் மிஷன் காம்பவுண்டில் தோட்டக்காரர் மகனுக்கு ஆணி குத்தியது. ஆணி குத்திய புண் ஆறிப்போய், ஓடி ஆடிக்கொண்டிருந்த பிள்ளைக்கு ஒரு நாள் வாய் திறக்கவில்லை. ஜன்னல் வழியாக யூனிஸ் எட்டிப் பார்த்தபோது அவன் பல்லைக் காட்டிச் சிரித்துக்கொண்டிருந்தான். அவளும் பதிலுக்குச் சிரித்துவிட்டாள். அது சிரிப்பில்லை, ரணஜன்னி என்று அம்மா அவளை இழுத்துப்போய்ச் சொன்னாள்.

"இப்பவே டிஸ்பென்சரிக்குப் போலாம், வாங்க. ஊசி போட்டுக்கினு வந்துடலாம்."

"வேதாச்சலத்துகிட்டயா?" கம்பவுண்டர் பெயரைச் சொல்லி அவர் சிரித்தார். "அவங்கிட்ட காட்டுறதும் ஒண்ணு, தண்டோரா போடுறதும் ஒண்ணு. இன்ஸ்பெக்டர் கால்ல அவரு குழியிலயே பிளேடு ஏறிச்சின்னு டீக்கடையில வாய்க்கு வாய் பேசுவாங்க. அடுத்த வாரம் பஞ்சாயத்துக் கூட்டம் யூனிசு. ஒரு தெருவுல நடக்கிறது ஊரெல்லாம் நடக்கணுமா வேணாமான்னு கைதூக்கப்போறாங்க. அது முடியட்டும்."

"அப்ப சித்தூருக்குப் போலாம். சர்ச்சுக்குன்னு சொல்லிக்கலாம்."

"சரி, ஞாயித்துக்கிழம போலாம்."

அந்த ஒரு தெருவுக்காக அவர் பட்ட பாடு அவளுக்குத் தெரியும். கொத்தகுண்டாவின் குப்பையெல்லாம் ஏரிக்கரையில் மலையாகக் கிடந்தது. பன்றியும் நாயும் கிளறும். காலராக் காலத்தில் ஏரித் தண்ணீரைக் கண்டாலே ஜனம் நடுங்கும். அழுகுகிறதைத் தனியாக வாங்கினால் எருவாகும், விற்கலாம், அந்தக் காசில் வண்டி ஓட்டலாம் என்று அவர் கணக்குப் போட்டார். எண்ணெய்க்கடையில் பழைய சதுர டின்களைக் கெஞ்சி வாங்கி, பாதிக்குத் தார் பூசினார், பாதிக்குச் சுண்ணாம்பு அடித்தார். கறுப்பு டின்னில் அழுகுகிறது. வெள்ளை டின்னில் கண்ணாடி, தகரம், பிளேடு, காகிதம், சாம்பல். கறுப்பு நாறும், ஆகவே அது கொல்லையில் இருக்கட்டும், செங்கம்மா பின்சந்து வழியாக வந்து கூடையில் எடுத்துக்கொள்வாள். வெள்ளை நாறாது, அது தெருவாசலில் இருக்கட்டும், முனியப்பன் வண்டியோடு வந்து கொட்டிக்கொள்வான். தாங்கள் குடியிருக்கும் சேணியத் தெருவில் வீடு வீடாக ஏறி, எந்த டின்னில் எது என்று தானே கையால் போட்டுக் காட்டினார்.

ஜனங்கள் கேட்டார்கள். அதுதான் அவருக்குத் தலைகொள்ளாத சந்தோஷம். ஒரு வீடு விடாமல் இரண்டு டின்னும் இருந்தன. சில வீடுகளில் வெள்ளை டின்னைச் சுற்றிக் கோலம் போட்டு, மஞ்சள் குங்குமம்கூட வைத்திருந்தார்கள். "டின்னுக்குப் பொட்டு வெச்சிக்கிறாங்க யூனிசு! எவ்ளோ பிடிச்சிருந்தா வெப்பாங்க!" என்று வீட்டுக்கு வந்து சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

அப்படியிருக்க, பிளேடு எப்படிக் குழிக்கு வந்தது? அவர் வீட்டில் அவர் சவரம் செய்து முடித்த பிளேடு வெள்ளை டின்னுக்குத்தான் போகிறது. யூனிஸ்தான் போடுகிறாள்.

"ஒரு வீட்டுல தெரியாம போட்டுட்டாங்க போல" என்று முடித்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை பிளாக் அதிகாரி ஜீப்பில் வருவதாக ஆள் வந்து சொன்னான். இன்பசேகரன் குழிக்குப் போய்விட்டார். சித்தூர்ப் பேச்சு அமுங்கிப்போனது. புண்ணும் ஆறிவிட்டது. குதிகாலைத் தூக்கி அவள் கண்முன் ஆட்டிக் காட்டினார். "பாரு, தழும்புகூட இல்ல. நீ இன்னும் மூஞ்ச தூக்கிக்கினு கீற." ஆறின புண்தான் அவளை அதிகம் பயமுறுத்தியது. காலையில் அவர் காப்பி குடிக்க வாயைத் திறக்கும்போது அடுப்படியிலிருந்து பார்த்துக்கொண்டிருப்பாள். கொட்டாவி விட்டால் மனசு லேசாகும். வகுப்பில் பிள்ளைகள் வாய்ப்பாடு ஒப்பிக்கும்போது திறந்து மூடும் வாய்களையே பார்த்துக்கொண்டு, எத்தனாம் வாய்ப்பாடு என்று மறந்து நின்றாள்.

சும்மா இருக்க முடியாமல் ஒரு நாள் மதியம் பக்கத்து வீட்டுக் கமலம்மாவிடம் போனாள். நகரியிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவள். முன்கட்டில் புருஷனின் தறி ஓடிக்கொண்டிருந்தது. யூனிஸ் கறிவேப்பிலை கேட்கிற சாக்கில் கொல்லைக்குப் போனாள். கிணற்றடிக்கு அப்பால், கக்கூஸ் சுவரை ஒட்டிக் கறுப்பு டின் இருந்தது. மேலே வாழைப்பூ மடல், புளிச்சக்கை. ஒரு குச்சியால் அதை விலக்கினாள்.

சக்கைக்குக் கீழே சுருட்டின தலைமயிர். மயிருக்குள் பிளேடுகள், பாதி பாதியாக. உடைந்த கண்ணாடி வளையல். கழுத்து உடைத்த ஊசிமருந்துக் குப்பி. சீழ் காய்ந்த துணி.

"இன்னா டீச்சரம்மா, கறிவேப்பில அங்கியா காய்க்குது?" என்று பின்னாலிருந்து கமலம்மா சிரித்தாள்.

"கமலம்மா, இது… பிளேடு வெள்ள டின்னுலதான போடணும்? சாரு சொன்னாரில்ல?"

கமலம்மா சிரிப்பை நிறுத்திவிட்டு அவளை வினோதமாகப் பார்த்தாள்.

"அது வாசல்ல நிக்கிதும்மா. வாசல்ல மயிரு போடுவாங்களா? லட்சுமி வர்ற எடம். திருப்பதி வேண்டுதலுன்னு எங்க வீட்டுக்காரரு தாடி வெச்சிக்கினு கீறாரு, ஆனா என் மாமனாருக்கும் பசங்களுக்கும் இங்கதான் கொல்லையில ஒக்கார வெச்சி செரைக்கிறாங்க. செரச்சிட்டா குளிக்காத உள்ள வர மாட்டாங்க. அந்த மயிரையும் பிளேடையும் தூக்கிக்கினு அடுப்படி, சாமி மாடம் எல்லாம் தாண்டி வாசலுக்கு நான் போவணுமா? நல்லா கீதே!"

"வளையலு?"

"அய்யய்ய, ஒடஞ்ச வளைய வாசல்ல போடுறதா? சுமங்கலி இருக்கிற வீட்ல? வாய கழுவு."

"இந்த மருந்து பாட்டிலு…"

"மாமனாரு புண்ணுக்கு. தீட்டு எல்லாம் கொல்லைக்குத்தாம்மா. சாரு நல்ல ரோசன பண்ணி கொல்லையில ஒரு டின்னு குடுத்தாரு, மவராசன். முன்னெல்லாம் இத்த எங்க போடறதுன்னே தெரியாது. தெருவே அப்படித்தான் போடுது. ஒரு வீடு தப்பு பண்ணல."

யூனிஸ் குச்சியைக் கீழே போட்டாள். கிணற்றுக்கட்டில் உட்கார்ந்தாள். தப்பு செய்த ஒரு வீட்டைத் தேடித்தான் அவள் வந்தாள். வீடு தப்பு செய்யவில்லை. தெரு முழுக்க அவர் வைக்கச் சொன்ன இடத்தில் டின்னை வைத்து, அந்த இடத்துக்குரியதை ஒழுங்காக, பயபக்தியாக அதில் போட்டு வந்திருக்கிறது. இந்தப் பின்சந்தின் டின் அத்தனையும் ஒவ்வொரு காலையும் குழிக்குப் போயிருக்கின்றன. செங்கம்மாளும் முனியப்பனும் வெறுங்காலோடு அதன்மேல் ஏறி மிதித்துக்கொண்டிருக்கிறார்கள்.

சாயங்காலம் அவர் வந்ததும் சொன்னாள். அவர் கேட்டுக்கொண்டே வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். குதிகாலைத் தடவிக்கொண்டே இருந்தார்.

"பொட்டு வெச்சாங்களே" என்றார் கடைசியில். "பொட்டு வெச்ச டின்னுல எவ மயிர போடுவா? எனக்கு ஏன் தோணல? நான் நாத்தத்த மட்டும் பாத்தேன் யூனிசு. நம்ம வீட்ட வெச்சி ஊர அளந்துட்டேன்."

"ரெண்டு டின்னையும் கொல்லையில வெக்கச் சொல்லுங்க. இல்லன்னா கொல்லைக்கு இன்னொரு டின்னு குடுங்க. நாளைக்கே சொல்லுங்க."

"சொல்றேன். கூட்டம் முடிஞ்ச மறுநாளு. இப்ப சொன்னா நாகபூஷணம் மொத்தத்தையும் மூடிடுவான். மறுபடி ஏரிக்கர, மறுபடி காலரா. ரெண்டே நாளு."

"அதுவரைக்கும் அவுங்க காலு?"

அதற்கு அவரிடம் பதில் இருந்தது. மறுநாள் காலையில் ரோடு போடும் இடத்திலிருந்து மண் இடிக்கிற திமிசுக்கட்டை ஒன்றை வாங்கிவந்து முனியப்பன் கையில் கொடுத்தார். இனி யாரும் குழிக்குள் மிதிக்கக்கூடாது, கரையில் நின்றபடி கட்டையால் இடித்து அமுக்கினால் போதும் என்றார். ஏன் என்று அவர் சொல்லவில்லை. முனியப்பனும் கேட்கவில்லை.

"இன்னா சாரு, மிதிச்சா எறங்குற மாறி இதுல எறங்குமா?" என்று செங்கம்மா மட்டும் முனகினாள்.

கூட்டத்தில் கைகள் தூக்கப்பட்டன. ஊர் முழுவதும் வீட்டுக்கு இரண்டு டின், இன்னும் நான்கு குழி. சர்பஞ்சு அவருக்கு எலுமிச்சம்பழம் கொடுத்துக் கைகுலுக்கினார். இன்பசேகரன் வீட்டுக்கு வந்து, காலையில் முதல் பஸ்ஸில் சித்தூர் போய் ஊசி போட்டுக்கொள்ளலாம், திரும்பி வந்ததும் டின் விஷயத்தைச் சொல்லிவிடலாம் என்றார். கழுத்து பிடித்துக்கொண்டிருக்கிறது, நாற்காலியில் கோணலாக உட்கார்ந்ததால் இருக்கும் என்றும் சொன்னார். யூனிஸ் அதைக் கேட்டுவிட்டுத் தைல பாட்டிலைத் தேடப் போனாள். அலமாரிக் கதவைப் பிடித்தபடி நின்றாள். பாட்டிலை விட்டுவிட்டு, காலைப் பயணத்துக்கு உடுப்புகளைப் பையில் திணித்தாள்.

காலையில் அவர் இட்லியைப் பிட்டு வாய்க்குக் கொண்டுபோனார். வாய் ஒரு விரல் நுழையும் அளவுக்குமேல் திறக்கவில்லை. இன்னொரு முறை முயன்றார். இட்லித் துண்டு உதட்டில் பட்டு உடைந்து மடியில் விழுந்தது. இருவரும் அந்தத் துண்டைப் பார்த்தார்கள்.

"யூனிசு" என்றார், பல்லுக்கு நடுவிலிருந்து. "பயப்படாத."

அவர் கண்ணில் இருந்த பயத்தை அவள் அதற்குமுன் கண்டதில்லை.

வேதாச்சலத்தைக் கூப்பிட்டாள். யார் பார்த்தால் என்ன, யார் பேசினால் என்ன. வாயாடி என்று பெயரெடுத்த அந்த மனுஷன் இன்பசேகரன் தாடையைத் தொட்டுப் பார்த்துவிட்டு ஒரு வார்த்தை பேசாமல் வெளியே வந்தான். "சித்தூரு வேணாம்மா. திருப்பதி பெரியாஸ்பத்திரிக்கே போயிடுங்க. அங்க இதுக்குத் தனி ரூமு கீது. வழியில சத்தம் ஆவாது. வெளிச்சம் ஆவாது. தண்ணி குடுக்காதீங்க, பொறயேறிடும்" என்றான். அவனே ஓடிப்போய் பஸ்ஸை நிறுத்தினான்.

பஸ்ஸில் முக்கால்வாசி திருப்பதி யாத்திரைக்காரர்கள். மஞ்சள் துணி, துளசி மாலை. ஜன்னலோரம் இன்பசேகரனை உட்காரவைத்து, அவர் தலைக்குமேல் தன் முந்தானையைப் போர்த்தி, அவர் காதுகளை உள்ளங்கைகளால் பொத்தினாள். ஒவ்வொரு பள்ளத்துக்கும் அவர் உடம்பு முறுக்கேறித் தளர்ந்தது. டிரைவர் ஹாரனில் கைவைத்தபோதெல்லாம் அவர் முதுகு பலகையாக விறைத்தது. அவள் கர்த்தரைக் கூப்பிட்டாள், உதடு அசையாமல், மூச்சுக்கூடச் சத்தமாகிவிடுமோ என்று பயந்துகொண்டு.

வளைவில் திரும்பியதும் மலை தெரிந்தது. முன்சீட்டிலிருந்து ஒருவர் கையெடுத்துக் கும்பிட்டு ஏழுமலையானைக் கூப்பிட்டார். "ஏடுகொண்டலவாடா!"

"கோவிந்தா, கோவிந்தா!" என்றது பஸ் முழுவதும்.

இன்பசேகரன் வில்லாக வளைந்தார். பின்னந்தலை சீட்டின் இரும்பில் மோதியது. பற்கள் கிட்டித்து நரநரவென்றன. முந்தானை விலகி முகம் வெளியே வந்தது. உதடுகள் இரண்டு பக்கமும் இழுபட்டு, பல் அத்தனையும் தெரிய… யூனிஸ் முகத்தைத் திருப்பிக்கொள்ளாமல் இருக்கப் பாடுபட்டாள்.

"கத்தாதீங்க!" அவள் கிசுகிசுத்தாள். "ஐயா, கத்தாதீங்க, உங்களுக்குப் புண்ணியமா போவும்."

"எவ இவ, சாமி பேரச் சொல்லாதன்றா?" பொட்டில்லாத அவள் நெற்றியைப் பார்த்துவிட்டுப் பக்கத்துச் சீட்டு அம்மாள் சீறினாள். "ஒனக்கு ஆவலன்னா எறங்கி நடடி."

அதற்குள் யூனிஸ் அவர் முகத்தை மறுபடி மூடியிருந்தாள். போர்த்திய முந்தானையைச் சற்று விலக்கிக் காட்டினாள். அந்த அம்மாளின் வாய் திறந்தபடி நின்றது. பிறகு தன் மடியிலிருந்த பிள்ளையின் வாயைப் பொத்தினாள். முன்னால் திரும்பி யாருக்கோ கையைக் காட்டினாள். சீட்டுக்குச் சீட்டு கை ஜாடை போனது. டிரைவர் வரைக்கும் போனது. அதன்பிறகு திருப்பதி பஸ் ஸ்டாண்டு வரும்வரை அந்த வண்டியில் ஒருத்தர் இருமவில்லை. அறுபது பேர் மூச்சை அடக்கிக்கொண்டு வருவதைக் கேட்கையில் அவளுக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. சாவு வீட்டைவிட அது பயங்கரமாக இருந்தது.

ஆஸ்பத்திரியில் அறையின் ஜன்னல்களுக்குக் கறுப்புக் கம்பளம் அடித்திருந்தார்கள். பெரிய ஊசிகள் போட்டார்கள். டாக்டர் அவளை வராந்தாவின் கோடிக்கு அழைத்துப்போய், "அடிபட்ட அன்னிக்கே வந்திருந்தா…" என்று தொடங்கி, அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். மருந்து தன் வேலையைச் செய்யும், நாம் செய்யக்கூடியது சத்தமில்லாமல் இருப்பது ஒன்றுதான் என்றார்.

அவள் செருப்பைக் கழற்றினாள். வளையல்களைக் கழற்றித் துணியில் சுற்றினாள். கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே தரையில் உட்கார்ந்தாள். வெளியுலகம் முழுக்கச் சத்தமாக இருப்பது அப்போதுதான் தெரிந்தது. வாளி வைக்கிற சத்தம். காக்காய். யாரோ மாத்திரைப் பாட்டிலைத் திறக்கிற சத்தம். எங்கேயோ கங்கம்மா ஜாத்திரைக்குத் தப்பட்டை அடித்துப் பழகிக்கொண்டிருந்தார்கள். அது தொடங்கும்போதெல்லாம் அவள் எழுந்து ஜன்னல் கம்பளத்தின்மேல் தன் முதுகை அழுத்திக்கொண்டு நிற்பாள், உடம்பால் சத்தத்தைத் தடுத்துவிடலாம் என்பதுபோல. தப்பட்டை ஓயும். அவர் உடம்பும் ஓயும். அடுத்தது எப்போது என்று காத்திருப்பாள்.

அவருக்கு நினைவு தப்பவேயில்லை. அந்த வியாதியின் கொடுமை அது. கண்கள் அவளைத் தேடும். ஒரு முறை பல்லுக்கு நடுவிலிருந்து ஏதோ சொல்ல முயன்றார். காதை உதட்டருகே வைத்தாள். "டின்னு" என்றார். அவ்வளவுதான் வந்தது. "சொல்லிடறேன்" என்று அவள் காதுக்குள் ஊதினாள். அவர் கண்ணை மூடித் திறந்தார்.

நான்காம் நாள் விடிந்து வெயில் ஏறுகிற நேரத்தில் அவர் தொண்டை இறுகிக்கொண்டது. வெளியில் எந்தச் சத்தமும் இல்லை. அவள் எதையும் தட்டிவிடவில்லை. அதுபாட்டுக்கு வந்தது. நர்ஸ் ஓடிவந்தாள், டாக்டர் வந்தார். அவர்கள் கைகளுக்கு நடுவே அவர் முகம் நீலம் பாரித்து, பின் இளகியது. சிரிப்பு போய், அவருடைய சொந்த முகம் திரும்பி வந்தது.

நர்ஸ் கம்பளத்தை விலக்கி ஜன்னலைத் திறந்தாள். வெயில் கட்டில்மேல் விழுந்தது. "ஏடவம்மா" என்றாள், அழு அம்மா என்று. "இனி சத்தம் வந்தா பரவால்லே."

யூனிசுக்கு அழத் தெரியவில்லை. தொண்டையில் சத்தம் எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை. வராந்தாவுக்கு, பழகின மாதிரி, நுனிக்காலில் நடந்து வந்தாள்.

அங்கே முனியப்பனும் செங்கம்மாளும் நின்றுகொண்டிருந்தார்கள். சாரைப் பார்க்க ஊரிலிருந்து லாரி ஏறி வந்திருக்கிறார்கள். நர்ஸ் சொல்லக் கேட்டு முனியப்பன் தலைத்துண்டை வாயில் அடைத்துக்கொண்டு அழுதான். செங்கம்மா மார்பில் அடித்துக்கொண்டாள்.

"தெய்வம்மா எங்க சாரு. இப்படியா ஆவணும்? நேத்துகூட அவர நெனச்சிக்கினேதான் குழிய மிதிச்சிக்கினு இருந்தோம்."

"மிதிச்சீங்களா?" யூனிசின் குரல் காற்றாக வந்தது.

"இன்னாம்மா?"

"திமிசு குடுத்தாரே."

"அது ஒடஞ்சி பூட்ச்சிம்மா" என்றான் முனியப்பன். "ஊரெல்லாம் டின்னு குடுத்துட்டாங்க இல்ல? குப்ப மல மாறி வருது. புது குழி சீக்கிரம் ரொப்பணும், எறங்கி மிதிங்கடான்னு சர்பஞ்சு சொல்லிட்டாரு. நாளைக்கு இன்னும் நாலு ஆளு வெக்கிறாரு, எல்லாம் எறங்கி—"

"எறங்காதீங்க!"

அந்தச் சத்தம் வராந்தாவின் கோடிவரை போய்த் திரும்பியது. ஆட்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவளுக்கே அது யாருடைய குரலோ என்று இருந்தது. "குழியில எறங்காதீங்க! பிளேடு கீது அதுல! கண்ணாடி கீது, மருந்துக் குப்பி கீது! கொல்லை டின்னு பூரா அதுதான் கீது! அதுதான் அவர் கால்ல ஏறிச்சி!"

முனியப்பன் துண்டை வாயிலிருந்து எடுத்தான். அழுகை நின்றுபோயிருந்தது.

செங்கம்மா மார்பிலிருந்து கையை எடுத்தாள். சுவரைப் பிடித்துக்கொண்டு மெதுவாகத் தரையில் உட்கார்ந்தாள். இடது காலை மடியில் தூக்கி வைத்து உள்ளங்காலைத் திருப்பினாள். யூனிஸ் அவள் முன்னால் மண்டியிட்டு, அந்தக் காலை இரண்டு கையாலும் வெளிச்சத்துக்குப் பிடித்தாள். பாதம் முழுக்க வெடிப்பு, வெடிப்புக்குள் கறுப்பு அப்பிய மண். விரலால் தேய்த்தாள். எது வெடிப்பு, எது வெட்டு என்று தெரியவில்லை.

"வலிக்குதா? எங்கியாவது குத்திச்சா? நெனச்சிப் பாரு செங்கம்மா!"

"தெரியலம்மா" என்றாள் செங்கம்மா. "எப்பவும் ஏதோ ஒண்ணு குத்திக்கினுதாம்மா இருக்கும். நான் எதன்னு சொல்லுவேன்?"

யூனிஸ் எழுந்தாள். அறைக்குள் அவர் வெயிலில் தனியாகக் கிடந்தார். அவள் செங்கம்மாளின் கையைப் பிடித்துத் தூக்கி நிறுத்தினாள். முனியப்பனையும் வரச்சொன்னாள். ஊசி போடுகிற அறை எங்கே என்று வழியில் கண்டவர்களையெல்லாம் உரக்கக் கேட்டுக்கொண்டே நடந்தாள்.